கேமரா பழுது

ஏரிக்கரைப் பறவை மையத்தில் அவளைக் கழுகம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வாசலில் சீட்டு கிழிப்பவர் வைத்த பேர் அது, ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏரி நடுவே பட்டுப்போன மரத்தின் உச்சியில் ஒரு ஜோடி மீன்கழுகு ஆண்டுதோறும் கூடு கட்டும். பக்கத்துக் கம்பத்தில் இருந்த கேமரா காட்டுவதெல்லாம் மையத்தின் பெரிய திரையில் அந்தக் கணமே ஓடும். திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை.

"அப்பன்காரன் மீன் தலையைத் தான் தின்னுட்டு, மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டாருவான்" என்பாள். கூட்டத்தில் யாராவது ஒரு மனைவி கணவனை முழங்கையால் இடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அதே படம் இணையத்திலும் ஓடியது. அதைக் கண் எடுக்காமல் பார்த்தவள் அவளுடைய அக்கா. இருவருக்கும் வேறு யாரும் இல்லை. அக்கா தையல்காரி; நுரையீரல் கெட்டு ஏழு மாதமாகப் படுக்கை. பழைய டேப் கணினி ஒன்றை அவள் முகத்துக்கு நேராக நிறுத்தி வைத்துவிட்டுத்தான் தங்கை வேலைக்குக் கிளம்புவாள். மதியமானால் அக்காவிடமிருந்து போன் வரும். "ஏண்டி, நடுக்குஞ்சுக்கு ரெண்டே வாய்தான் கிடைச்சுது. கவனிச்சியா இல்லையா?"

அந்த வருடம் மூன்று குஞ்சுகள். பொரித்த பன்னிரண்டாம் நாள் காலை, மீனுக்குப் போன ஆண் பறவை திரும்பவில்லை. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. தாய் சிறகை விரித்துக் குஞ்சுகள்மேல் கவிந்தே கிடந்தது. இரைக்குப் போனால் அவை நனைந்து விறைத்துவிடும், போகாவிட்டால் பசி. அதற்கும் மறுநாள், மின்கம்பிக்கு அடியில் கருகிக் கிடந்த ஆணை லைன்மேன் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று மதியமே சின்னக் குஞ்சின் தலை தொங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் திரை முன்னால் அழுதார்கள். ஒரு தகப்பன் அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"கண்ணெதிர சாகுது. ஒரு மீனைத் தூக்கிப் போட முடியாதா? நெஞ்சுல என்ன கல்லா வெச்சிருக்கீங்க?"

"படகு கிட்டப் போனா தாய் மிரண்டு எழுந்துடும் சார். மத்த ரெண்டும் மழையில போயிடும்."

அவர் கேட்பதாக இல்லை. மேலாளர் வந்து திரையை அணைத்தார். இணையத்திலும் நிறுத்தச் சொன்னார். "கேமரா பழுதுன்னு ஒரு போர்டு மாட்டிடுங்கம்மா." மாட்டினாள். அலுவலக அறைக் கணினியில் மட்டும் கூடு தெரிந்துகொண்டிருந்தது.

அரை மணியில் அக்கா கூப்பிட்டாள். "மாத்திரையில கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா படம் நின்னுபோச்சுடி."

"கேமராவுல தண்ணி பூந்துடுச்சுக்கா."

"அப்பன் வந்துச்சா?"

வாய் தன்னால் சொன்னது. "வந்துடுச்சு. நல்ல பெரிய மீனு."

மறுநாள் இரண்டாவது குஞ்சும் செத்தது. அக்காவிடம் மூணும் நல்லா இருக்கு என்றாள். அதற்கடுத்த நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கீழ்வீட்டுக்காரி வந்திருந்தா. அப்பன் கழுகைச் சாக்குல கொண்டாந்த லைன்மேன் அவ தம்பிதானாம்."

அவள் ஈரக் குடையோடு நின்றாள்.

"எனக்குத் தாங்காதுன்னு நெனச்சியா?"

"ஆமாக்கா."

"அப்ப, போன மாசம் டாக்டர் உன்னை மட்டும் உள்ள கூப்பிட்டாரே? மருந்து வேலை செய்யுதுன்னு வந்து சொன்னியே. அதுவும் இப்படித்தானா?"

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அணைத்தாள். திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மருந்து கேக்கலையாம்கா. மாத்தித் தரவும் வேற இல்லையாம்."

"எத்தனை நாளாம்?"

"ரெண்டு மாசம்னாரு."

அக்கா திட்டினாள், மூச்சு வாங்க வாங்க, நிறுத்தி நிறுத்தித் திட்டினாள். "என் சாவை எனக்கே ஒளிச்சு வெச்சிருக்கியேடி. மிஷினை யாருக்குக் கொடுக்கறதுன்னு யோசிச்சிருப்பேன். என்கூடத் தைச்சாளே அவ, ஆறு வருஷமாப் பேச்சில்ல. கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருப்பேன்."

மறுநாள் அவள் லீவு போட்டாள். மேலாளரிடம் போனில் கெஞ்சி, படத்தை அக்காவின் டேப்பில் மட்டும் வரவைத்தாள். மழை விட்டிருந்தது. தாய் ஒரு மீனோடு வந்து இறங்கியது. மிஞ்சிய ஒற்றைக் குஞ்சு வாய் திறக்கவில்லை. தாய் சதையைக் கிழித்துக் கிழித்து அதன் முகத்தருகே நீட்டியது. வெகுநேரம் நீட்டிப் பார்த்துவிட்டுத் தானே தின்றது. நாலு மணி வாக்கில் குஞ்சின் அசைவு நின்றது.

"மூடிடவாக்கா?"

"இருக்கட்டும்."

அன்றிலிருந்து ஐம்பத்திரண்டாம் நாள் அக்கா இறந்தாள். அதற்குள் தையல் மிஷின் கீழ்வீட்டுக்காரியின் மகளுக்குப் போயிற்று. பழைய கூட்டாளி இரண்டு முறை வந்துபோனாள். இரண்டாம் முறை ஏதோ ஒரு ஜாக்கெட் அளவு விஷயத்தில் மறுபடி சண்டை.

இரண்டு வாரம் கழித்துக் கழுகம்மா வேலைக்குப் போனாள். திரை மறுபடி ஓடிக்கொண்டிருந்தது; கூட்டில் வெறும் சுள்ளிகள். மகளைக் கையில் பிடித்திருந்த ஒருத்தி, "குஞ்சுங்க எல்லாம் பறந்து போயிடுச்சாங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு, ஆண் பறவை கம்பியில் அடிபட்டதிலிருந்து ஆரம்பித்தாள். பாதி கேட்பதற்குள் அந்தப் பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.