வேப்பிலை செருகாத வாசல்

செல்வியின் மகனுக்குக் காது கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம். ஏழு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது… அதனால்தான் எழுத முடிகிறது.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவர் குவைத்தில். கைக்குழந்தையில் போட்ட முதல் ஊசிக்கே அவள் இரண்டு நாள் காய்ச்சலில் துவண்டாள். மடியில் போட்டுக்கொண்டு தனியாக நடுங்கினேன். அதன் பிறகு ஊசி போட வரும் நர்ஸம்மா தெருவுக்குள் நுழைந்தாலே கதவைச் சாத்திவிடுவேன். தட்டம்மை ஊசியையும் அப்படித்தான் தட்டிக் கழித்தேன்.

கடைசியாக அவர் வந்தபோது, "பாப்பா குத்தாலத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்குங்க" என்றேன்.

"ஊசின்னா மட்டும் உங்க பொண்ணுக்குப் பெரியம்மா ஞாபகம் வந்துடுதே!" என்று சிரித்தார். "வந்ததும் தூக்கிட்டு வாங்கக்கா, மறந்துடாதீங்க."

தலையாட்டினேன். மகள் அடுக்களையில் வாய் நிறைய பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதமே அவளுக்கு மணல்வாரி அம்மை, அதே தட்டம்மை, போட்டது.

எங்கள் ஊரில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம். அதைப் பார்த்தால் யாரும் படியேற மாட்டார்கள். நான் செருகவில்லை. நர்ஸம்மா கண்ணில் பட்டால், பொய் சொல்லி ஊசியைத் தட்டிக் கழித்தது தெருவுக்கே தெரிந்துவிடுமே! நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான்…

இரண்டாம் நாள் எதிர்வீட்டுச் செல்வி ஏழு மாதப் பிள்ளையோடு உள்ளே வந்தாள்.

"அக்கா, இவனைக் கொஞ்சம் பாத்துக்குங்க. வயல்ல நடவாளுக்கு டீ குடுத்துட்டு ஓடியாந்துடுறேன். உங்ககிட்டன்னா அழமாட்டான், திருட்டுப் பய! பாப்பா எங்க?"

"சளிக்காய்ச்சல்… தூங்குது."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். நானோ கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்! உள்ளறையில் மகள் இருமிக்கொண்டிருந்தாள். ஏன் வாங்கினேன்? வெட்கம்… வெறும் வெட்கம்!

பத்துப் பன்னிரண்டு நாளில் அவனுக்கும் போட்டது. அந்த ஊசி போடும் வயதுகூட அவனுக்கு வரவில்லை. சளி நெஞ்சில் கட்டி, காதில் சீழ் வைத்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தான். உயிர் தப்பியது, காது போய்விட்டது. என் மகளோ ஒரே வாரத்தில் எழுந்து ஓடினாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் கை வரவில்லை.

அவனுக்கு அம்மை போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் செல்வி பிள்ளையைப் பூதலூரில் ஒரு கல்யாணத்துக்குத் தூக்கிப் போயிருந்தாள். அங்கேதான் ஒட்டிக்கொண்டது என்று அவள் மாமியார் அடித்துச் சொன்னார். செல்வி நம்பிவிட்டாள். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் போவதில்லை… அம்மா வீட்டுக்குக்கூட!

கணவர் இன்னும் குவைத்தில்தான். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என்னோடு பேச வருகிறவள் செல்வி ஒருத்திதான். உண்மையைச் சொன்னால் அவளும் வரமாட்டாள்… அதற்காகத்தான் மறைக்கிறேனா? ஆமாம். அதற்காகத்தான்.

நேற்றும் வந்தாள். கோழியைத் துரத்திக்கொண்டிருந்த மகனை மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

"பட்டுச்சேலை கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போனேனே… நான்தான்க்கா இவனைக் கெடுத்துட்டேன்."

அவள் கையைப் பிடித்தேன். "நீ என்னடி பண்ணுவே" என்றேன்.

"என்னைத் திட்டாதவங்க நீங்க ஒருத்தர்தான்க்கா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நான் நகரவில்லை.