பைகளுக்குக் காவல் இருந்த அம்மா

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில், அம்மாவின் படத்துக்குக் கீழே, "வீட்டை விட்டு வெளியே எங்கும் செல்ல விரும்பாதவர்; இல்லமே உலகமென வாழ்ந்தவர்" என்று ஒரு வரி இருக்கிறது. கையில் பேனா இருந்தால் அதை அடித்துவிட்டு மேலே படியுங்கள். அதை எழுதியவர் எங்கள் சித்தப்பா. அது பொய் என்று அவரிடமே சொன்னேன். "அச்சு கோத்தாச்சு பாப்பா, இனிமே எடுக்க முடியாது. நீ வேணும்னா உன் பக்கத்துல நல்லதா நாலு வார்த்தை எழுதிக்க" என்றார். எழுதுகிறேன். தம்பி இதை நேராக அச்சகத்தில் கொடுத்துவிடுவான். சித்தப்பாவும் உங்களோடு சேர்ந்துதான் படிப்பார்.

அம்மா பிறந்தது இண்டூருக்குப் பக்கத்தில், மழையை நம்பிக் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற குடும்பத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். பென்னாகரத்தில் அப்பா வீட்டுக்கு மருமகளாக வந்து, பெரிய குடும்பத்துக்குச் சோறாக்கினார். அப்பாவுக்குத் தருமபுரியில் வேலை கிடைத்ததும், ஊருக்கு வெளியே கொல்லைக்காட்டை மனை போட்டு விற்ற இடத்தில் வீடு கட்டினோம். விளக்கில்லாத வீதி. குடிதண்ணீருக்கு நெடுந்தூரம் போக வேண்டும். அந்த வீட்டுச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியவர் அம்மா. என்னையும் தம்பியையும் படிக்க வைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவரும் அம்மாதான். வாசலுக்கு வந்தவர் யாரும் பசியோடு திரும்பியதில்லை. இதையெல்லாம் மற்றவர்களும் எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மை.

அவர்கள் எழுதாமல் விட்டதை நான் எழுத வேண்டியிருக்கிறது. நம் வீடு ஒகேனக்கல் போகிற வழியில் இருந்தது. கோடை விடுமுறை விட்டால் போதும், சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவுகள் வந்து இறங்கிவிடும். வந்த இரண்டாம் நாள், "ஒகேனக்கல் போலாமா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். "எல்லாரும் குடும்பத்தோட போலாம்" என்பார் அப்பா. அப்பா அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே அம்மா மிளகாய் அரைக்க உட்கார்ந்துவிடுவார். விடிவதற்குள் புளிசாதம், துவையல், குழந்தைகளுக்கு இட்லி எல்லாம் தயாராகிவிடும். வேனில் எல்லோரும் ஏறிய பிறகு, குண்டானை மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படும். அம்மாவுக்கு இடம் கிடைப்பது அந்தக் குண்டானோடுதான்.

அங்கே போய் இறங்கியதும் ஆண்கள் சட்டையைக் கழற்றிப் பாறையில் படுத்துவிடுவார்கள். எண்ணெய் தேய்ப்பவர் வந்து முதுகில் அறைந்து அறைந்து தேய்ப்பார். பிறகு அருவி, பிறகு பரிசல். பிள்ளைகள் அவர்கள் பின்னால் ஓடுவோம். அம்மா ஒரு புங்கமரத்தடியில் பைகளையும் கடிகாரங்களையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு, மீன் குழம்பும் வைப்பார். எல்லோரும் தின்று முடித்து, அவர் பாத்திரம் கழுவி எழும்போது வேன்காரர் ஹாரன் அடிப்பார். ஆற்றங்கரைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு ஓடி வருவார். அருவிச் சத்தம் அவ்வளவு பக்கத்தில் கேட்கும். ஆனால் அருவியை அவர் பார்த்ததில்லை.

தீர்த்தமலைக்குப் போனோம். செருப்புகளோடு அடிவாரத்தில் அம்மா. கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். பூங்கா மரத்தடியில், தூங்கிப்போன குழந்தைகளோடு அம்மா. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் நகர்க் குடும்பங்களெல்லாம் சேர்ந்து வேன் பிடித்தபோதும் இதே கதைதான். இந்த மலருக்காக வீட்டிலிருந்த போட்டோக்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அருவி முன்னால் அப்பா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், சேலத்து மாமா ஈர வேட்டியோடு சிரிக்கிறார். அம்மா ஒன்றிலும் இல்லை. வெளியே போக விரும்பாதவராம். இத்தனை ஊருக்குப் போனவரைப் பற்றி எழுதுகிற வரியா இது?

ஒரே ஒரு முறை அம்மா கேட்டார். சேலத்து அத்தையும் மாமாவும் வந்திருந்த சமயம். நான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தேன். மீனை அலசி வைத்துவிட்டு, அப்பாவிடம், "ஏங்க, இன்னைக்கு நானும் பரிசல்ல வரட்டுங்களா?" என்றார்.

"அப்ப கொழம்ப யாரு பாக்கறது?" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மாமா சிரித்தார். அத்தையும் சிரித்தார்.

பக்கத்து அடுப்பில் கோவிந்தம்மா இருந்தார். வருகிறவர்களுக்கு மீன் வறுத்துக் கொடுக்கிற பெண். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு அடுப்பு கொடுத்துப் பழக்கம். "நீ போயிட்டு வாக்கா, கொழம்ப நான் பாத்துக்கறன். அது எங்க ஓடிப் போயிடப் போவுது" என்று அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பரிசலில் ஏறினார். பரிசல்காரர் அருவிக்குக் கீழே, சாரல் முகத்தில் அடிக்கிற இடம் வரைக்கும் கொண்டு போனார். புடவை நனைந்தது. அம்மா முந்தானையைச் சரிசெய்யக்கூட மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்குதாம்மா?" என்று பரிசல்காரர் கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். வெகுநேரம் கழித்து என்னிடம், "இதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்களா பாப்பா?" என்றார். இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்கவும் செய்தார். போனோம்.

கரைக்கு வந்தால் ஒரே கூச்சல். குரங்கு ஒன்று மாமாவின் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அங்கிருந்து பேண்ட் ஆற்றில் விழுந்து போய்விட்டது. மாமா துண்டோடு பென்னாகரம் வரைக்கும் வந்தார். அப்பா அன்று முழுக்க அம்மாவிடம் பேசவில்லை. குழம்பு நன்றாக இருந்ததை யாரும் சொல்லவில்லை.

அதோடு விட்டார்களா? அம்மா பரிசல் ஏறினால் பேண்ட் போய்விடும் என்று ஒரு கதை கட்டினார்கள். கல்யாண வீட்டில் சொன்னார்கள், காதுகுத்தில் சொன்னார்கள், புதிதாக வந்த மருமகள்களுக்கு உட்கார வைத்துச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். அடுத்தடுத்த பயணங்களில் அவர் கேட்கவே இல்லை. உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரியும். உங்களுக்குத் தெரியாததை, கோவிந்தம்மா எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். குரங்கு வந்தபோது மாமா அந்தப் பைகளுக்குப் பக்கத்துப் பாறையில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான், எண்ணெய் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். கோவிந்தம்மா கத்தியும் அவர் எழவில்லை. தன் பேண்ட்டைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனிதருக்குத் தோன்றாததற்கு என் அம்மா என்ன செய்வார்?

போன வருடம் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே படுத்திருந்தபோதும், "கர்நாடகாவுல தண்ணி வுட்டிருக்காங்களாமா? பேப்பர்ல போட்டிருக்கா பாரு" என்று என்னைக் கேட்பார். நிறையத் தண்ணீர் வருகிறதென்று படித்துக் காட்டினால் முகம் தெளியும். அதைப் பார்த்துவிட்டு அப்பா ஒருநாள், "உடம்பு தேறட்டும், எல்லாரும் குடும்பத்தோட ஒகேனக்கல் போலாம்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார்.

அம்மா, "எல்லாரும்னா வேணாங்க. என்னால மொளகா அரைக்க முடியாது" என்றார்.

அந்த வாரமே போய்விட்டார்.

அஸ்தி கரைக்க ஒகேனக்கல்தான் போனோம். நானும் தண்ணீருக்கு இறங்கினேன். சித்தப்பா கையைக் காட்டித் தடுத்தார். "பொம்பளைங்க மேலயே நில்லுங்க. பையெல்லாம் அங்க இருக்குது, பாத்துக்குங்க" என்றார். அதே புங்கமரம். அத்தையும் நானும் அதன் அடியில் நின்றோம். தம்பி கலயத்தைக் கவிழ்த்தது அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. தலைமுழுகிக் கரையேறியவர்கள் கிளம்புவார்கள் என்று பார்த்தால், "வந்தது வந்தோம்" என்று மாமா எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டார். சித்தப்பாவும் படுத்தார். என் அம்மாவின் சாம்பல் இன்னும் அந்தத் துறையைத் தாண்டியிருக்காது. முதுகில் அறைகிற சத்தம் எனக்கு மரத்தடி வரைக்கும் கேட்டது. அத்தை வாயில் புடவையை வைத்துக்கொண்டு அழுதார். சாவுக்கு வந்தவர்கள் நடுவே சத்தம் போட வேண்டாமென்று அன்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கோபம் ஒரு வருடமாகியும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

நன்றி சொல்லாமல் இப்படிப்பட்ட கட்டுரையை முடிக்கக் கூடாதாம். சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் கூட இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. பாடை கட்டிய, பந்தல் போட்ட, வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்த எங்கள் நகர் மக்களுக்கு நன்றி. அம்மாவை இரண்டு சுற்று கூட்டிப்போன, நாங்கள் பெயர் கேட்டுக்கொள்ளாத பரிசல்காரருக்கு நன்றி. எல்லோருக்கும் மேலாகக் கோவிந்தம்மாவுக்கு. எங்கள் உறவு முழுவதும் சேர்ந்து அம்மாவுக்குக் கொடுக்காத ஒரு மணி நேரத்தை அவர்தான் கொடுத்தார். இந்த மலரில் ஒன்றை நானே கொண்டு போய் அவரிடம் தருவேன். படிக்கத் தெரியாது என்பார். படித்துக் காட்டுவேன்.

திதி முடிந்த மறுநாள் ஒகேனக்கலுக்கு வேன் சொல்லியிருக்கிறார்கள். வருகிற பெண்கள் மிளகாய் அரைக்க வேண்டாம், குண்டான் எடுக்க வேண்டாம். இறங்கியதும் நேராகப் பரிசல் துறைக்கு வாருங்கள். அத்தை முதல் பரிசலில் வருகிறார்.

இதை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றியும் இருக்கிறதே, தெரியாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று நினைத்தேன். குனிந்தபடியே கேட்டார். எதையும் எடு என்று சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்கல்லாம் போயிட்டு வாங்க. பைய நான் பாத்துக்கறன்" என்றார்.

அப்பா, அதை என்னிடம் சொல்லி என்ன பயன்?