மணியக்கா பார்த்த ஸ்லைடு

எங்கள் ஆய்வகத்தில் செல்களுக்குச் சாயம் ஏற்றும் பெண்ணை எல்லாரும் மணியக்கா என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல அது. செல்லின் நடுவில் உட்கரு. அதற்குள் அடர்த்தியாகத் தெரியும் உருண்டைப் புள்ளிதான் உட்கருமணி. யாராவது "அக்கா, மணி என்ன?" என்றால், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டு. ரெண்டும் பொடிசு" என்பாள். என்னைவிட மூன்று வயது இளையவள், எனக்கும் அக்காதான்.

ஸ்லைடு கழுவத்தான் வந்தாள். சாயம் ஏற்றுபவர் நீண்ட விடுப்பில் போனபோது அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் புள்ளி மேல் அவளுக்குத் தனி ஆசை. அதைச் சுற்றி எந்தச் சவ்வும் இல்லை. ஆனாலும் கலையாமல் நிற்கிறது. செல் பிரியும்போது காணாமல் போய், பிரிந்த பின் இரண்டிலும் மறுபடி தோன்றுகிறது. ரைபோசோம்கள் உருவாவது அதில்தான். அவைதான் செல்லுக்கு வேண்டிய புரதத்தைச் செய்கின்றன. வேலை கூடினால் புள்ளியும் பெரிதாகும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். மாமியாருக்குக் கண் ஆபரேஷன். நான் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். கடைசி ஸ்லைடு, ஒரு பள்ளி வேன் டிரைவரின் நாக்கு ஓரத்துப் புண்ணில் சுரண்டி எடுத்தது. செல்லுக்குச் செல் பெரிய பெரிய மணிகள். புற்றுநோய்ச் செல் ஓயாமல் பெருகுவதால் அதில் மணி அப்படித்தான் இருக்கும். 'புற்றுநோயாக இருக்கலாம்' என்று எழுதி, டைப் அடிக்கக் கொடுத்தேன்.

அதைப் பார்த்துவிட்டு மணியக்கா ஸ்லைடோடு வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, கோச்சுக்காதீங்க. இன்னொரு தடவை பாத்துருங்க."

"ஏன்? மணி எவ்வளவு பெருசுன்னு பாத்தீங்கல்ல?"

"பெருசுதான். ஆனா எல்லாத்துலயும் ஒரே மாதிரி வழவழன்னு உருண்டையா இருக்கு. செல்லும் ஒண்ணை ஒண்ணு விடாம, துணி விரிச்ச மாதிரி கிடக்கு. புண்ணு ஆறப் பாக்குதோ என்னமோ."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்து பார்த்தேன். புற்றுநோய் என்றால் மணிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டுக் கோணலாக இருக்கும், செல்களும் சிதறிக் கிடக்கும். புண்ணை மூடப் பாடுபடும் செல்லுக்கும் புரதம் ஏராளமாக வேண்டும். அதன் மணியும் வீங்கும். தெரிந்த பாடம்தான். அவசரத்தில் கோட்டை விட்டிருந்தேன்.

வராந்தாவில் மனைவியோடு காத்திருந்த டிரைவரைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். புண்ணுக்கு நேர் எதிரே உடைந்த கடைவாய்ப்பல், கத்தி மாதிரி.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும். பல்லு வலிக்கல, விட்டுட்டேன்."

பல்லைச் சரிசெய்துகொண்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். உறுதியாக எதுவும் சொல்லவில்லை. எழுதிய தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன்.

அவர் வந்தபோது புண் இருந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும். புது ஸ்லைடில் மணிகள் சுருங்கியிருந்தன. "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். அவர் மனைவி எனக்கு நன்றி சொன்னார்.

"எனக்குச் சொல்லாதீங்க. அவங்களுக்குச் சொல்லுங்க" என்று மணியக்காவைக் காட்டினேன்.

மணியக்கா ஊதாச் சாயம் ஒட்டிய விரல்களை மறைத்துக்கொண்டாள். "நான் சாயந்தான் போட்டேன். பாத்தது டாக்டரம்மா."

அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. நான் முதலில் எழுதியதையும் அவள் தடுத்ததையும் ஒன்று விடாமல் அவர்களிடம் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே பாரம் இறங்கியது போலிருந்தது. அன்று அவள் வாய் திறக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

டிரைவர் அந்தப் புள்ளியைப் பார்க்க ஆசைப்பட்டார். மணியக்கா ஸ்லைடை நகர்த்திக் காட்டினாள். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இத்தனூண்டுதானா?"

"நகருங்க," என்றார் மனைவி, "நானும் பாக்கணும்."