பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தது

ஓய்வு பெறும்போது ஜம்புலிங்கத்துக்கு இரண்டு முழங்கால்களும் போயிருந்தன. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். போர்ட் பிளேர் விமானத் தளத்தில் கடைசி சில வருடங்கள் அவர் விமானத்தின் வயிற்றுக்கடியில் மண்டிபோட்டு ஊர்ந்ததுதான் காரணம். ஆய்வாளர் ஊர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மெக்கானிக்குகள் வேலை செய்வார்கள். ஆய்வாளர் பார்ப்பார், கேட்பார், கையெழுத்துப் போடுவார். அவர் ஊர்ந்ததற்கு நாகமுத்து காரணம்.

அறுபதுகளின் நடுவில் மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்தவர் ஜம்புலிங்கம். மத்திய அரசின் விமானப் பாதுகாப்பு ஆய்வாளர். மின்னி பே பகுதியில் குவார்ட்டர்ஸ், மனைவி ஜெயலட்சுமி, பிள்ளைகள் இல்லை. கல்கத்தாவிலிருந்து வரும் விமானம் திரும்பிக் கிளம்புமுன், தளத்து மெக்கானிக்குகள் அதைச் சரியாகப் பார்த்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. உப்புக் காற்றும் ஓயாத மழையுமான ஊர். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு முதுகில் புண் வைப்பது போல, விமானத்தையும் கண்ணில் படாத இடத்தில்தான் உப்பு அரிக்கும். புரட்டிப் பார்க்காமல் தெரியாது.

நாகமுத்து அந்த மெக்கானிக்குகளில் ஒருவன். தாத்தா காலத்திலேயே தீவுக்கு வந்துவிட்ட குடும்பம். வீடு பாம்பூஃப்ளாட்டில். தினமும் படகில் சாத்தம் துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருவான். அவன் தமிழில் பாதி இந்தி. வாய் ஓயாது, ஆனால் கை சுத்தமான கை.

ஒரு ஜூன் மாதத்தில் அது நடந்தது. மழை மூட்டமாக இருந்தது. இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று விமானி அவசரப்படுத்தினார். விமானம் கிளம்புமுன் மெக்கானிக்குகளின் பெட்டியை ஆய்வாளர் முன்னால் திறந்து கருவிகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானம் நகரக்கூடாது. அன்று ஜம்புலிங்கம் வானத்தைப் பார்த்தார், விமானியின் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். விமானம் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் நாகமுத்து ஓடி வந்தான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான்.

"சாப், ஒரு கல்தி ஆயிடிச்சு, தப்பு நடந்துபோச்சு. என் டார்ச்சைக் காணோம்."

"எங்கேயாவது வெச்சிருப்பே. தேடிப் பாரு."

"தேடிட்டேன் சாப். நீங்க எண்ணலையேன்னு நானே எண்ணினேன். வயித்துப் பலகையத் திறந்தேன்ல, உள்ள கம்பிக்குப் பக்கத்துல வெச்சிட்டு மூடிட்டேன்னு நெனைக்கிறேன். கூப்பிடுங்க சாப், ஜல்தி!"

வாலைத் திருப்பும் கம்பிகள் ஓடும் இடம் அது. டார்ச் உருண்டு போய்க் கப்பியில் மாட்டினால் விமானி திருப்ப நினைத்தாலும் விமானம் திரும்பாது. ஜம்புலிங்கம் ரேடியோ அறைக்கு ஓடினார். கடல்மேல் போய்க்கொண்டிருந்த விமானம் திரும்பி வந்து இறங்கியது. பலகையைத் திறந்தார்கள். கப்பிக்கு அரை சாண் தள்ளி டார்ச் கிடந்தது, எரிந்துகொண்டே.

அன்றிரவு சாப்பிடும்போது ஜம்புலிங்கம் மனைவியிடம் இதைச் சொன்னார். "அவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தானா வந்து சொன்னான் பாரு" என்றார். ஜெயலட்சுமி ரசத்தை ஊற்றிவிட்டு, "நல்ல பையன்" என்றாள்.

அடுத்த வாரம் கல்கத்தாவிலிருந்து ஒரு மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். விமானத்தில் இருந்த பெரிய மனிதர் யாரோ டெல்லி வரைக்கும் கத்தியிருந்தார். நாகமுத்து கதவோரம் நின்றான்.

"டார்ச் உள்ளே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?" என்று மேலதிகாரி கேட்டார்.

"கருவிகளை எண்ணியதில் ஒன்று குறைந்தது, சார். உடனே திருப்பி அழைத்தோம்" என்றார் ஜம்புலிங்கம்.

பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. யார் எண்ணியது, எப்போது எண்ணியது என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, முன்பே ஏன் எண்ணவில்லை என்று வரும். நாகமுத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சாப் மிச்சத்தைச் சொல்வார் என்று காத்திருந்தான். சாப் தண்ணீர் குடித்தார்.

நாகமுத்துவின் வேலை போயிற்று. ஜம்புலிங்கத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் காட்டியபோது ஜெயலட்சுமி, "அந்தப் பையன்தானே வந்து சொன்னான்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அவர் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தளத்தில் ஒரு தவறும் நடக்கவில்லை. கண்ணையா என்பவன் தலைமை மெக்கானிக். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து காட்டுவான். "எல்லாம் டீக் சாப்." எண்ணிப் பார்த்தால் சரியாகவே இருக்கும். மழையோ வெயிலோ, பழைய ஆளோ புது ஆளோ, ஒரு திருப்புளிகூடக் குறைந்ததில்லை. பத்துப் பேர் படுத்திருக்கும் வார்டில் ஒருவருமே வலி என்று முனகவில்லை என்றால் நர்ஸுக்குச் சந்தேகம் வர வேண்டும். ஜம்புலிங்கத்துக்கு வரவில்லை. தன் கண்டிப்பு வேலை செய்கிறது என்று நினைத்தார்.

சில வருடங்கள் கழித்து, வீட்டுக் கதவுக்குக் கீல் வாங்க அபர்தீன் பஜாருக்குப் போனபோதுதான் விஷயம் வெளிவந்தது. இரும்புக்கடை சண்முகம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் சார், உங்க ஏர்போர்ட்டுல குறடு, டார்ச் எல்லாம் தின்பாங்களா?"

"என்ன சொல்றீங்க?"

"கண்ணையா வருவான், உங்க மத்த பசங்க வருவாங்க. ஒரே மாதிரி டார்ச், ஒரே அளவு குறடு. அவசரமா வாங்கிட்டு ஓடுவாங்க. கவர்மெண்டு கொடுக்காதான்னு கேட்டா, 'பேசாம கொடு அண்ணே'ங்கறாங்க."

கீலை வாங்காமலே திரும்பினார். வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கருவி குறைந்தால் சொந்தக் காசில் வாங்கிப் பெட்டியை நிரப்பியிருக்கிறார்கள். குறைந்தது எங்கே போயிற்று? ஓடுபாதையில் விழுந்ததா, ஏதாவது ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் கல்கத்தாவுக்கும் இங்கேயும் பறந்துகொண்டிருக்கிறதா? யாருக்கும் தெரியாது. சொன்னவனுக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாம்பூஃப்ளாட்டுக்குப் போனார். நாகமுத்து படகுத் துறையில் டீசல் எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அரே, சாப்! வாங்க. என்ன, படகையும் செக் பண்ண அனுப்பிட்டாங்களா?"

ஜம்புலிங்கம் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். விசாரணையில் தான் விட்டதை இப்போது மேலே எழுதப்போவதாகவும், வேலையைத் திரும்ப வாங்கித் தருவதாகவும் சொன்னார். "நீ வந்தா அவங்க பழையபடி வாயைத் திறப்பாங்க, நாகமுத்து."

"நான் வந்தா?" நாகமுத்து சிரித்தான். "வாயைத் திறந்ததுக்குத்தானே சாப் என்னை அனுப்பினீங்க. என்னப் பாத்தா அவங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்."

"நான் செஞ்சது தப்புதான்."

"மாலும் சாப். அன்னிக்கே தெரியும்." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கு நீங்க தண்ணி குடிச்சீங்கள்ல, குடிச்சிட்டுச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். இப்ப எனக்கு இது போதும். படகுல கல்தி பண்ணாலும் நீந்திக் கரையேறிடலாம். நீங்க எழுதுங்க, வேணாங்கல. நான் வர்றதா இல்ல."

அவரைத் திரும்பிப் போகும் படகில் ஏற்றிவிட்டான். படகு துறையை விட்டுக் கொஞ்சம் விலகியதும், பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

"ஏய், ருக்கோ! நிறுத்து! என் ஸ்பேனர் உள்ள இருக்கு!"

படகோட்டி தலையில் அடித்துக்கொண்டு படகைத் திருப்பினான். "நாளைக்குப் பொண்டாட்டியையும் எஞ்சினுக்குள்ள வெச்சு மூடிடுவே!" என்று கத்தினான். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், "அவ சம்மதிச்சா சரி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாகமுத்துவும் சிரித்துக்கொண்டே படகில் ஏறி, மூடியைத் திறந்து, கையை விட்டு ஸ்பேனரை எடுத்தான். அதோடு முடிந்தது. படகு மறுபடி கிளம்பியது. ஜம்புலிங்கம் மட்டும் சிரிக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மெக்கானிக்குகளைக் கூட்டி, விசாரணையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். இனி யாராவது தவறிவிட்டதாக வந்து சொன்னால் அவன்மேல் கை வைக்க விடமாட்டேன் என்றார். கண்ணையா மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மேலே எழுதியதற்கு, முடிந்துபோன விஷயம் என்று பதில் வந்தது.

அன்று மதியம் விமானம் கிளம்புமுன் கண்ணையா பெட்டியைத் திறந்து காட்டினான்.

"எல்லாம் டீக் சாப்."

ஜம்புலிங்கம் எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. டார்ச்சை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தார். புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. கண்ணையா வேறு பக்கம் பார்த்தான். அவர் டார்ச்சை எரியவிட்டு, விமானத்தின் அடியில் மண்டிபோட்டு, முதல் பலகையைக் கழற்ற ஆரம்பித்தார்.