பனித்துளையில் துவைக்கும் சத்தம்

இது எனக்கு நடந்தது. ஜனவரி பதினெட்டு, இரவு 7.52 முதல் 8.11 வரை. பத்தொன்பது நிமிடம். நீங்கள் நம்பவேண்டும் என்று கெஞ்சப்போவதில்லை. அந்தப் பத்தொன்பது நிமிடமும் என் மார்பில் ஒரு கருவி ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மனிதனுக்குக் கனவு வரும். கருவிக்கு வராது.

என் பெயர் எசென்குல். கோக்-ஜர் ஆற்றங்கரையில் நீரளவு நிலையத்தில் வேலை. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் ஆற்றின் மட்டத்தையும் நீரின் வெப்பத்தையும் அளந்து குறிப்பேட்டில் எழுதவேண்டும். கோடையில் இது ஐந்து நிமிட வேலை. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும், கரையிலிருந்து கரைவரை நாற்பது சென்டிமீட்டர் பனிக்கட்டி. அப்போது கடப்பாரையால் ஒரு துளை போடவேண்டும், ஒரு வாளி நுழையும் அளவுக்கு. பன்னிரண்டு மணி நேரத்தில் அது மறுபடி உறையும். மறுபடி உடைக்கவேண்டும்.

அக்டோபரில் என் நெஞ்சு துள்ள ஆரம்பித்தது.

அது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதயத்துக்குள் சொந்தமாக ஒரு மின்பொறி உண்டு. அது தட்டினால் இதயம் சுருங்கும். சில சமயம் வேறு ஓர் இடத்திலிருந்து ஒரு பொறி முந்திக்கொண்டு தட்டிவிடும். அந்தத் துடிப்பு அரைகுறை. நமக்குத் தெரிவதுகூட இல்லை. அதற்குப் பிறகு ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் இதயத்தில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிரம்பிவிடுகிறது. அதைத் தள்ள அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. நாம் 'தொம்' என்று உணர்வது அந்த அடியைத்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

புத்தகம் எழுதியவர் அந்த இடைவெளிக்குள் இருந்து பார்த்திருக்கவேண்டும். ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடியில் அடுத்த துடிப்பு வருமா என்று தெரியாது.

நவம்பரில் நான் படுத்துத் தூங்குவதை விட்டேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான். டிசம்பரில் தேநீர்க் கெட்டிலைத் தூக்கவே பயம். எந்நேரமும் இரண்டு விரல் மணிக்கட்டில். பயந்தால் துள்ளல் கூடும், துள்ளினால் பயம் கூடும். செக்குமாடு மாதிரி இரண்டும் என்னைச் சுற்றவைத்தன. ஒவ்வோர் இரவும் சரியாக 3.10-க்குத் தொடங்கும். 3.40-க்கு அடங்கும்.

"மறுபடியுமா?" என்பாள் என் மனைவி புருல்ச்சா, கண்ணைத் திறக்காமலே.

"ம்."

"கை வெக்கவா?"

அவள் கை என் மார்பில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு விடுவேன். பாவம், அவளும் மூன்று மாதமாகத் தூங்கவில்லை.

ஜனவரி தொடக்கத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். காலையில் துளையில் ஒன்பது சென்டிமீட்டர் புதுப் பனி இருக்கவேண்டும். இந்தக் குளிருக்கு அது கணக்கு. ஆனால் மூன்று சென்டிமீட்டர்தான் இருந்தது. கடப்பாரையின் ஒரே தட்டில் உடைந்தது. அப்படியென்றால் இரவில், நாலு மணிக்குச் சற்று முன்பு யாரோ துளையைத் திறந்திருக்கிறார்கள். சுற்றிலும் என் காலடித் தடம் மட்டும்தான். துளையின் விளிம்பு ஒரு பக்கம் மழுமழுவென்று தேய்ந்திருந்தது. துணி துவைக்கிற கல் தேயுமே, அப்படி.

நரி வந்திருக்கும் என்று எழுதிவைத்தேன்.

பதினெட்டாம் தேதி காலை நகரத்து மருத்துவரிடம் போனேன். இளம்பெண். என்னைப் போலவே எதையும் விளக்கப் பிடிக்கிறவர். மார்பில் ஐந்து ஒட்டுகளை ஒட்டி, கம்பிகளை இழுத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். இருபத்துநான்கு மணி நேரம் என் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் அது கோடாக எழுதும்.

"துள்ளுறப்பல்லாம் நேரத்த ஒரு தாள்ல குறிச்சு வைங்க," என்றார். "நான் அந்த நேரத்துக் கோட்டப் பாக்கிறேன். குளிக்காதீங்க. நாளைக்கு வாங்க."

"செத்துட்டேன்னா?"

"அதுவும் பதிவாகும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன், எசென்குல். உங்க இதயம் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் அத விடமாட்டேங்கிறீங்க," என்றார்.

திரும்பும்போது வழக்கம்போல ஜுமகாதிரின் சிற்றுந்து. ஜுமகாதிர் வண்டி ஓட்டுகிறவன் மட்டுமல்ல. அவன் அப்பா வழியில் எல்லோரும் அல்பார்ஸ்தியை விரட்டுகிறவர்கள். அல்பார்ஸ்தி எங்கள் பக்கத்து மஞ்சள் முடிப் பேய். தூங்குகிறவரின் நெஞ்சில் ஏறி உட்காரும், உள்ளே இருப்பதைத் திருடிக்கொண்டு போகும். முன்னிருக்கையில் உட்கார்ந்த என் சட்டைக்குள்ளிருந்து தொங்கிய கம்பியை அவன் பார்த்தான்.

"என்ன மச்சான், பேட்டரி போட்டு ஓட்ட ஆரம்பிச்சுட்டியா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். 3.10, 3.40, நெஞ்சு துள்ளுவது, எல்லாம். துளையைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"அல்பார்ஸ்தி நெஞ்ச எதுக்கு எடுத்துட்டுப் போகும், தெரியுமா?"

"தின்னவா?"

"திங்காது. ஓடுற தண்ணில அலசும். கசக்கிப் பிழிஞ்சு அலசும். முழுசா அலசி முடிச்சுட்டா ஆள் போயிட்டான். அதுக்குள்ள தடுத்தா திரும்பக் குடுத்திரும்." கியரை மாற்றினான். "ஆனா பயப்படாத. இந்தக் குளிர்ல ஓடுற தண்ணிக்கு எங்க போகும்? ஆறு முழுக்கக் கல்லா கெடக்கு."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"என்னடா?"

"நான் துளை போடுறேன்," என்றேன். "தினமும் ரெண்டு வாட்டி."

 ஊரில் என்னை இறக்கிவிட்டபோது, "இன்னிக்கிப் போடாத," என்றான்.

போட்டேன். ஏன் என்று கேட்பீர்கள். இந்த ஆற்றில் அறுபது வருடமாக ஒருவேளைகூட அளவு தவறியதில்லை. ஒரு பேய்க்காக நான் அதை விடுவதா? அதோடு... படித்த எனக்கு அதை நம்பினேன் என்று சொல்ல வெட்கம்.

இரவு 7.52. தலைவிளக்கு, கடப்பாரை, அளவுகோல். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. வீட்டிலிருந்து துளைக்கு நூற்றிருபது மீட்டர்.

வாசலைத் தாண்டியதும் நெஞ்சில் 'தொம்' என்றது.

அடுத்து காதில் ஒரு சத்தம். 'சளப்.'

ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். ஆற்றிலிருந்து.

நின்றேன்.

தொம்... சளப்.

தொம்... சளப்.

முதலில் நெஞ்சு. பிறகு காது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி. தூரத்தில் மரம் வெட்டுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். கோடாலி விழுவது முதலில் தெரியும், சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். காற்றில் ஒலி நடந்து வர நேரம் எடுக்கும். நூற்றிருபது மீட்டருக்கு அரை நொடிக்கும் கொஞ்சம் குறைவு.

ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று நடந்தேன். ஏன் திரும்பி ஓடவில்லை? அங்கே அடிபடுவது என்னுடையது. எங்கே ஓடுவது?

அறுபது மீட்டரில் இடைவெளி பாதியானது.

இருபது மீட்டரில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

8.04. துளை. விளக்கைக் காட்டினேன்.

யாரும் இல்லை.

துளை திறந்திருந்தது. நான் இன்னும் உடைக்கவில்லை... திறந்திருந்தது. தண்ணீர் ஏறி இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை யாரோ முக்கி எடுப்பது போல. முக்கும்போது என் மார்பு சில்லிட்டது. எடுக்கும்போது தொம்.

தேய்ந்த விளிம்பில் நீளமான மயிர்கள். மஞ்சள் நிறம். உறைந்து குச்சிகளாக நின்றன. காற்றே இல்லை.

ஆனாலும் ஒன்றோடொன்று இடித்தன. கிலிங்... கிலிங்...

8.07.

தண்ணீர் அடங்கியது.

என் நெஞ்சும்.

அந்த ஒரு நொடி இடைவெளிதான், அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். மூன்று மாதமாகக் காத்திருந்து பழகியவன்.

வரவில்லை.

மணிக்கட்டில் விரல் வைத்தேன். இல்லை.

கழுத்தில்... இல்லை.

நின்றுகொண்டிருந்தேன். மூச்சு விட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. காலி வீடு மாதிரி.

கடப்பாரையைப் போட்டேன். பனியை அள்ளித் துளைக்குள் கொட்டினேன். கட்டிகளைத் தள்ளினேன். கோட்டைக் கழற்றித் திணித்தேன். போதவில்லை. அதன்மேல் குப்புறப் படுத்தேன்.

கீழே இருந்து தட்டியது.

ஒருமுறை.

வயிற்றுக்கு நேராக.

"குடு," என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. "குடு... குடு..."

குளிர் என் சட்டையைப் பனியோடு சேர்த்து ஒட்டியது.

தட்டியது. கொஞ்சம் தள்ளி.

இன்னும் தள்ளி, ஆறு போகிற திசையில்.

தொம்.

8.11.

என்னை நானே பிய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புருல்ச்சா கத்தினாள். உப்புத் தேநீரை என் வாயில் ஊற்றினாள். பல் கிட்டி பாதி வழிந்தது. அவள் கை என் மார்பில். அதன் கீழே ஒரே சீராக... தட், தட், தட். மூன்று மாதத்தில் முதல்முறை.

8.40-க்கு தொலைபேசி அடித்தது. சாதிர்குல் பைக்கே. எங்கள் கீழ்நிலையத்தில் அளவு எடுப்பவர். பைக்கே என்றால் எங்களுக்கு அண்ணன். ஐம்பத்தெட்டு வயது, ஆட்டுக்கிடா மாதிரி உடம்பு. தினமும் இரவு அளவுகளை ஒப்பிட்டுக்கொள்வோம்.

"என்னடா தம்பி, அளவ காணோம்? நெஞ்சு வெடிச்சுருச்சா?"

"இல்ல பைக்கே. இன்னிக்கி எடுக்கல. துளைய மூடிட்டேன்."

"மூடிட்டியா? அறுபது வருஷக் கணக்கு போச்சே! ஏன்?"

சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் இவர் நாளைக்கு ஏழு நிலையத்துக்கும் சொல்லிச் சிரிப்பாரே என்று...

"காய்ச்சல்," என்றேன்.

"பொண்டாட்டி முந்தானையப் பிடிச்சுட்டுப் படு, போ. எனக்கெல்லாம் நெஞ்சு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. காலைல என் துளையில அளந்து உனக்கும் சேத்துக் கணக்கு போட்டுத் தரேன்."

அன்றிரவு 3.10-க்கு விழித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. படுத்தே தூங்கினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு மருத்துவர் கோட்டைத் திரையில் ஓட்டினார். 8.07-இல் நிறுத்தினார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒட்டு கழண்டுருச்சா?"

"இல்ல."

"கழண்டா கோடு கிறுக்கலா வரும். இது அப்படி இல்ல." பேனாவால் காட்டினார். "நீங்க கையக் கால ஆட்டுன அதிர்வு இருக்கு, பாருங்க. குனியுறீங்க, ஏதோ தள்ளுறீங்க, விழுறீங்க. தசை எல்லாம் வேலை செய்யுது. துடிப்பு மட்டும் இல்ல. நாலு நிமிஷம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெட்டியில ஏதோ கோளாறு. இன்னொரு நாள் மாட்டுவோம், சரியா?"

சரி என்றேன். வெளியே வந்தபோது புருல்ச்சா தொலைபேசியில் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

சாதிர்குல் பைக்கே காலையில் துளை அருகே விழுந்து இறந்துவிட்டார். அவர் மனைவி சன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். வானொலியில் எட்டு மணிச் செய்தி ஐந்து நிமிடம் ஓடும். அது முடிந்து பாட்டு தொடங்கியபோது பைக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துளைக்குள் எட்டிப் பார்த்தாராம். யாரையோ கூப்பிடுவது போல ஏதோ சொன்னாராம். பிறகு சாய்ந்துவிட்டார்.

அவருக்கு இதயநோய் கிடையாது. ஒருநாளும் துள்ளியதில்லை.

ஜுமகாதிரின் வண்டியில் உட்கார்ந்து, துள்ளும் நேரத்தைக் குறிக்க வைத்திருந்த தாளின் பின்பக்கத்தில் நான் ஒரு கணக்கு போட்டேன். என் துளையிலிருந்து ஆற்றின் போக்கிலேயே போனால், அடுத்து திறக்கப்படும் துளை அவருடையதுதான். தூரம் 25.7 கிலோமீட்டர். பனிக்கு அடியில் இந்த வாரம் நீரின் வேகம் நொடிக்கு அறுபது சென்டிமீட்டர். நானே அளந்தது. போய்ச்சேர எடுக்கும் நேரம் பதினொரு மணி நேரம் ஐம்பத்துநான்கு நிமிடம்.

இரவு 8.11-உடன் அதைக் கூட்டினேன். தவறாக இருக்கவேண்டும் என்று மூன்று முறை கூட்டினேன்.

காலை 8.05.