பிள்ளைகள் பார்த்த என் தாடை

ஆறு மாதமாகத் தாடை வலி. வாயைத் திறந்தாலே காதுக்குக் கீழே உயிர் போகும். இட்லியைக்கூடப் பிய்த்துப் பிய்த்துத்தான் உள்ளே தள்ளினேன். தாம்பரத்தில் பல் டாக்டரிடம், "எந்தப் பல்லா இருந்தாலும் பிடுங்கிடுங்க மேடம்" என்று அழுதேவிட்டேன்.

"பல்லுல ஒண்ணும் இல்ல. நாள் முழுக்கப் பல்லைக் கடிக்கறீங்க. உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக் கூடாது" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நானாவது, பல்லைக் கடிப்பதாவது!

மறுநாள் மதியம், அஸ்தினாபுரத்தில் நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கதவருகே நின்று பார்த்தேன். டீச்சராக நின்ற ஜெனிபர் வாயே திறக்கவில்லை. பல்லைக் கடித்து, தாடை புடைக்க ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், மற்ற எல்லோரும் வாயில் விரல் வைத்து அடங்கிவிட்டார்கள்.

"அப்படியே நம்ம மிஸ் மாதிரியே கீது!" என்று ஒருவன் கிசுகிசுத்தான்.

என் தாடையைத் தொட்டுப் பார்த்தேன்; அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஜெனிபரைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே மிஸ் பல்லைக் கடிச்சா உடனே வந்து சொல்றியாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா அடிக்க மாட்டீங்களே, மிஸ்?"

நான் எந்தப் பிள்ளையையும் அடித்ததே இல்லை. அதைத்தான் இத்தனை வருடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.