செங்காய்

தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், திண்டுக்கல்லில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். மொட்டைமாடியில் பழைய பெயின்ட் வாளியில் என் மனைவி ஒரு தக்காளிச் செடி வளர்த்தாள். முதல் காயின் அடியில் லேசாகச் சிவப்பு தட்டிய காலையிலேயே நான் அதைக் காம்போடு பறித்துக்கொண்டுபோய்ப் பெருமையாக அவள் கையில் வைத்தேன்.

“இதை ஏன் பறிச்சீங்க?” என்று அலறினாள்.

“செங்காயாப் பறிச்சாத்தான் போற வழியில நசுங்காது.”

“எங்க போகுது? மாடியில இருந்து அடுப்படிக்கு லாரியா வருது?”

ஆத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தக்காளி என்றாலே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லாரியேறுவதுதான். செடியிலேயே பழுத்துவிட்டால் அது கழிவு, மாட்டுக்குப் போட்டுவிடுவோம்.

அடுத்த காய்க்கு அவள் காவல் இருந்தாள். முழுக்கச் சிவந்த பிறகும் என்னைத் தொட விடவில்லை. எனக்கோ கை பரபரவென்றது, கண்ணெதிரே சரக்கு வீணாகிறதே என்று! நாலாம் நாள் சாயங்காலம் அவள் விரல் பட்டதுமே பழம் காம்பைவிட்டுக் கையில் வந்து விழுந்தது. வெயில் சூடு ஆறுவதற்குள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து மாறிமாறிக் கடித்தோம். என் சட்டையெல்லாம் சாறு, அவள் மூக்கு நுனியில் ஒரு விதை. பைத்தியம் பிடித்தவர்கள்போலச் சிரித்தோம்.

“இம்புட்டு ருசியா! இதையா நாங்க இத்தனை வருசமா மாட்டுக்குப் போட்டோம்?”

“அதான் உங்க வீட்டுப் பால்ல போடுற காப்பி அம்புட்டு நல்லாருக்கு” என்றாள்.